பவர் ஸ்டியரிங் பழுதுகள்: பாகத்தை மாற்றுமுன் காரணத்தைக் காண்க

மோட்டார் வண்டி தோன்றிய காலத்தில் அதனைத் திருப்புவதற்கு ஓட்டுநரின் புஜபலம் ஒன்றே துணையாக இருந்தது. 1920-களில் பிரான்சிஸ் டேவிஸ் என்ற அமெரிக்க எஞ்சினியர் எண்ணெயின் அழுத்தத்தைக் கொண்டு இவ்வேலையை எளிதாக்கும் அமைப்பொன்றை உருவாக்கினார். 1951-இல் கிரைஸ்லர் கம்பெனி இத்தகைய அமைப்பை விற்பனைக் கார்களில் பொருத்தலாயிற்று. இன்று நம் நாட்டுச் சிறு கார்களில் பெரும்பாலும் மின்சார மோட்டாரே இவ்வுதவியை அளிக்கிறது. எனினும், கிராமப் பாதைகளில் ஓடும் பல ஜீப்புகளிலும், லாரி, பஸ்களிலும் எண்ணெய் அமைப்பே உள்ளது. அதன் பராமரிப்பையே இங்கு ஆராய்வோம்.

இயங்கும் விதம்

எஞ்சினால் பெல்ட் மூலம் சுழற்றப்படும் பம்பு, தொட்டியிலுள்ள எண்ணெயை உயர்ந்த அழுத்தத்தில் குழாய் வழியே செலுத்துகிறது. ஓட்டுநர் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது, அதனடியிலுள்ள மெல்லிய தண்டு சிறிது முறுகி ஒரு வால்வைத் திறக்கிறது. எண்ணெய் பிஸ்டனின் ஒரு பக்கத்தில் பாய்ந்து, முன்சக்கரங்களைத் திருப்பும் பல்சட்டத்தைத் தள்ளுகிறது. பிஸ்டனின் பரப்பு 8 சதுர சென்டிமீட்டர், அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 60 கிலோகிராம் எனக் கொண்டால், கிடைக்கும் விசை 480 கிலோகிராம் ஆகும்.

எண்ணெயின் உதவி நின்றுவிட்டாலும் ஸ்டியரிங்குக்கும் சக்கரங்களுக்கும் இடையேயுள்ள இரும்புப் பிணைப்பு அறுபடுவதில்லை. திருப்புவது மிகக் கடினமாகும். ஆனால் வண்டி கட்டுப்பாட்டை இழந்துவிடாது. ஓட்டுநர் பதறாமல், வேகத்தைக் குறைத்து, வண்டியை ஓரமாக நிறுத்த வேண்டும்.

பழுதை அறிதல்

ஸ்டியரிங் கடினமானவுடன் பம்பையே குறை கூறுவது வழக்கம். இது சரியன்று. முதலில் டயர்களில் போதிய காற்று உள்ளதா என்று பார்க்க வேண்டும். அடுத்து எண்ணெயின் மட்டத்தையும், பெல்ட்டின் இறுக்கத்தையும் சோதிக்க வேண்டும். திருப்பும்போது பம்பு முனகினால் எண்ணெய் குறைந்திருக்கலாம். எண்ணெயில் நுரை இருந்தால் காற்று புகுந்திருக்கிறது. கிறீச்சென்ற ஒலி பெல்ட் வழுக்குவதைக் காட்டும். ஒரு பக்கம் மட்டுமே கடினமாக இருந்தால் குறை பம்பில் இராது. வால்விலோ, பிஸ்டன் சீலிலோ இருக்கக்கூடும்.

மூடிய அமைப்பாதலால் எண்ணெய் தானே குறைவதில்லை. குறைந்தால் கசிவு உண்டு என்பது நிச்சயம். எஞ்சின் ஓடும்போது கசிவைக் கையால் தடவித் தேடலாகாது. நுண்ணிய துளையிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உட்செல்ல வல்லது. காயம் சிறிதாகத் தோன்றினும் உடனே மருத்துவமனையை நாடுதல் அவசியம். அட்டைத் துண்டொன்றைக் காட்டிச் சோதிப்பதே பாதுகாப்பானது.

பல்சட்டத்தின் இரு முனைகளிலுமுள்ள ரப்பர் உறைகளையும் கவனிக்க வேண்டும். உறை கிழிந்தால் புழுதியும் சேறும் புகுந்து, சட்டம் துருப்பிடித்துச் சீலை அறுத்துவிடும். மலிவான உறையை உரிய காலத்தில் மாற்றினால் விலையுயர்ந்த பல்சட்டத்தைக் காக்கலாம்.

மாற்றும் முறை

தேய்ந்த பம்பிலிருந்து உதிர்ந்த உலோகத்தூள் எண்ணெயுடன் எங்கும் பரவியிருக்கும். குழாய்களையும் தொட்டியையும் கழுவாமல் புதிய பம்பைப் பொருத்தினால், அத்தூள் அதனையும் தேய்த்துவிடும். பம்பின் கப்பியைச் சுத்தியால் அடித்துக் கழற்றாமல், அதற்குரிய புல்லரைக் கொண்டே கழற்ற வேண்டும். குழாயை மாற்றும்போது வாஷர்களையும் ரப்பர் வளையங்களையும் புதிதாக இடுக. புதிய குழாய் சூடான புகைக்குழாயைத் தொடாதிருக்கட்டும்.

பல்சட்டத்தைக் கழற்றுமுன் சக்கரங்களை நேராக வைத்து ஸ்டியரிங்கை அசையாமல் கட்டிவிட வேண்டும். இன்றேல் காற்றுப்பை உள்ள வண்டிகளில் அதன் மின்னிணைப்புச் சுருள் அறுபடக்கூடும். வேலை முடிந்தபின் சக்கரங்களின் சீரமைவைச் சரிபார்ப்பதும் இன்றியமையாதது.

தயாரிப்பாளர் கையேடு குறிப்பிடும் எண்ணெயையே ஊற்ற வேண்டும். பிரேக் எண்ணெயை ஒருபோதும் உபயோகிக்கலாகாது. அது சீல்களை ஊதச்செய்து கெடுத்துவிடும்.

காற்றை வெளியேற்றுதல்

வண்டியின் முன்புறத்தை உயர்த்தி, ஜாக்கியை மட்டும் நம்பாமல் உறுதியான தாங்கிகளின்மேல் நிறுத்துக. எஞ்சினை இயக்காமலே ஸ்டியரிங்கை இரு எல்லைகளுக்கும் மெதுவாகப் பலமுறை திருப்பி, குறையும் எண்ணெயை நிரப்புக. குமிழிகள் நின்றபின் எஞ்சினை மெதுவாக ஓட்டி, மீண்டும் அவ்வாறே செய்க. எல்லையில் ஐந்து விநாடிக்குமேல் பிடித்து நிறுத்தினால் பம்பு சூடேறிக் கெடும்.

இதன் காரணத்தை ஆசிரியர்கள் வகுப்பிலேயே விளக்கலாம். ஊசியில்லாத இரு சிரிஞ்சுகளை நீர் நிறைந்த சிறு குழாயால் இணைத்து, ஒன்றை அழுத்தினால் மற்றது உடனே எழும். இடையே காற்றுக்குமிழி இருந்தால், காற்று சுருங்குவதால் இயக்கம் தாமதிக்கும். பாஸ்கல் விதியும், பட்டறையில் காற்றை வெளியேற்றும் அவசியமும் இதனால் ஒருங்கே விளங்கும்.

வாரம் ஒருமுறை எண்ணெய் மட்டத்தையும், பெல்ட்டையும், ரப்பர் உறைகளையும் பார்ப்பதற்குச் சில நிமிடங்களே போதும். காரணத்தைக் கண்டபின் பாகத்தை மாற்றுவோர் பணச்செலவைக் குறைப்பதோடு, வண்டியில் செல்வோரின் உயிரையும் காப்போராவர்.