மணிலாச் சுருட்டின் கதை

'சுருட்டு' என்பது நம் தமிழ்ச் சொல். மேனாட்டார் அதைக் கேட்டுத் தங்கள் நாவுக்கு இசைந்தபடி 'செரூட்' என்று திரித்துக்கொண்டார்கள். பிறகு பிலிப்பைன் தீவுகளின் தலைநகரான மணிலாவில் சுற்றப்பட்ட சரக்குக்கும் அதே பெயரைச் சூட்டினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்த வெள்ளைக்காரத் துரைமார்களுக்கு மணிலாச் சுருட்டு என்றால் அலாதிப் பிரியம். அந்தப் புகைக்குப் பின்னால் எத்தனை குடியானவர்களின் பெருமூச்சு இருந்தது என்பதை அவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள்.

புகையிலை அத்தீவுகளுக்குச் சொந்தச் செடியன்று. மெக்ஸிகோவிலிருந்து கப்பலில் ஸ்பானியர் கொண்டுவந்தது. ஆயினும் ஜனங்கள் அதைத் தங்கள் கொல்லைச் செடியாகவே ஏற்றுக்கொண்டார்கள். ஆண், பெண் என்ற வித்தியாசமின்றி யாவரும் புகைத்தார்கள். வேண்டியதைத் தாங்களே பயிரிட்டுக்கொண்டார்கள்.

1778-ல் ஹோஸே பாஸ்கோ என்பவர் கவர்னராக வந்து சேர்ந்தார். கஜானாவோ வறண்டு கிடந்தது. ஆண்டுதோறும் மெக்ஸிகோவிலிருந்து வரும் உதவித் தொகையை நம்பியே நிர்வாகம் நடந்து வந்தது. பாஸ்கோ சாமர்த்தியசாலி, பிரஜைகள் எதை விட முடியாதோ அதையே சர்க்காருடையதாக்கிவிட்டால் பணத்துக்குக் குறைவில்லை என்று கண்டுகொண்டார். 1782-ல் லுஸான் தீவில் புகையிலை சர்க்காரின் ஏகபோகம் ஆயிற்று. உப்பு வரியின் ருசியை அறிந்த நமக்கு இந்தத் தந்திரம் புதிதல்லவே!

ஏற்பாடு எப்படி நடந்தது என்று பாருங்கள். சர்க்கார் குறித்த ஜில்லாக்களில் மட்டுமே பயிரிடலாம். மற்ற இடங்களில் ஒரு செடி முளைத்தாலும் குற்றம். குறித்த ஜில்லாக்களிலோ பயிரிடாமல் இருப்பது குற்றம்! வடக்கே ககயான் பள்ளத்தாக்கில் ஒவ்வொரு குடும்பமும் வருஷத்துக்கு 4,000 செடி வளர்க்க வேண்டும், தவறினால் அபராதம் என்பது விதி. விளைந்த இலை முழுவதையும் சர்க்கார் கிடங்கில் சேர்க்க வேண்டும். அங்கே அதிகாரிகள் தரம் பிரிப்பார்கள். தரமில்லை என்று அவர்கள் தள்ளிய இலையைக் கொளுத்திவிடுவார்கள். எஞ்சியதற்கு விலை வைப்பவர்களும் அவர்களே. ஒளித்து வைத்த இலையைத் தேடி வீடுகளைச் சோதனை போடுவதும் உண்டு. இத்தனைக்கும் பிறகு, தான் வளர்த்த புகையிலையைப் புகைக்க விரும்பும் குடியானவன் சர்க்கார் கடைக்குப் போய் அதிக விலை கொடுத்து வாங்க வேண்டியதுதான்.

மலைகளில் வசித்த இகொரோட் மக்கள் மட்டும் இந்த விதிக்குத் தலைவணங்கவில்லை. தங்கள் இஷ்டப்படி பயிரிட்டுச் சமவெளிக்குக் கடத்திக்கொண்டிருந்தார்கள். 1829 முதல் கால்வே என்ற தளபதி அவர்கள்மீது படையெடுத்துச் சென்று வீடுகளையும் பயிர்களையும் எரித்தார். அவர் நுழைந்த பள்ளத்தாக்குகளில் ஒன்று இன்று லா டிரினிடாட் என்ற ஊர். அது அவருடைய மனைவியின் பெயர் என்று சொல்லுகிறார்கள். எரித்தவர் வீட்டுப் பெயர் எரிந்த ஊருக்கு நிலைத்துவிட்டது.

மணிலாவிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் எழும்பிய சுருட்டுச் சாலைகளில் வேலை செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஆயிரக்கணக்கானவர்கள் வரிசையாக உட்கார்ந்து இலையைத் தட்டிச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.

சர்க்காருக்கு லாபம் கொழித்தது. 1821-ல் மெக்ஸிகோ சுதந்திரம் அடைந்து உதவித் தொகைக்கு வழியில்லாமற் போனபோது, புகையிலைப் பணமே நிர்வாகத்தைத் தாங்கிற்று. ஸ்பெயினுக்கும் ஒரு பங்கு போயிற்று. ஆனால் 1860-க்குப் பிறகு நடந்ததுதான் மிகக் கொடுமை. இலையை வாங்கிக்கொண்ட அதிகாரிகள் ரொக்கத்துக்குப் பதிலாகக் கடன் சீட்டுக் கொடுக்கலானார்கள். அந்தச் சீட்டுக்குப் பணம் எப்போது வரும் என்று எவருக்கும் தெரியாது. அரிசி வாங்க வழியில்லாத குடியானவன் வந்த விலைக்கு அதை வியாபாரியிடம் தள்ளிவிடுவான். வியாபாரி காத்திருப்பான், அவனுக்குப் பசி இல்லையே!

கடைசியில் 1882-ஆம் வருஷ முடிவோடு ஏகபோகம் ஒழிந்தது. ஆனால் அதற்கு முந்திய வருஷமே பார்ஸிலோனா நகரில் அந்தோனியோ லோபஸ் என்னும் கோடீசுவரப் பிரபு 'தபகலேரா' என்ற பெரிய கம்பெனியை ஸ்தாபித்துத் தயாராக இருந்தார். கம்பெனி இஸபேலா மாகாணத்தில் பெரும் பண்ணைகளை வாங்கிற்று. அந்த மாகாணத்தின் பெயரே 1856-ல் ஸ்பெயின் ராணி இரண்டாம் இஸபெல்லாவை முன்னிட்டு வைத்ததுதான். பண்ணைகளில் பாடுபட மேற்கு கடற்கரை இலோகோஸ் பிரதேசத்திலிருந்து குடும்பங்கள் வந்து குடியேறின. இதனால் நாளடைவில் அப்பள்ளத்தாக்கின் பூர்வீக பாஷையாகிய இபனாக் பின்னடைந்து, இலோகானோ பாஷையே எங்கும் ஓங்கிற்று.

புகையிலை இன்றும் அப்பகுதிகளில் பயிராகிறது. 1992-ல் பிலிப்பைன் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது. உள்நாட்டில் தயாராகும் வர்ஜீனியா ரகச் சிகரெட்டுகளின்மீது வசூலாகும் கலால் வரியில் 15 சதவிகிதம், அந்த இலையை விளைவிக்கும் மாகாணங்களுக்கே திரும்ப வேண்டும் என்பது அதன் ஷரத்து. கூட்டுறவுச் சங்கங்களுக்கும், வயலிலிருந்து சந்தைக்குப் போகும் சாலைகளுக்கும் அந்தப் பணத்தைச் செலவிட வேண்டும் என்றும் அதில் எழுதியிருக்கிறது.