துருவத்தில் கேமரா – 9: கரடிக்கும் லென்ஸுக்கும் நடுவே 300 மீட்டர்

நார்வேக்கு வடக்கே, ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தின் லாங்யியர்பியன் துறைமுகத்தில், படமெடுக்கக் கற்கப் பணம் கட்டி வந்த குழு கப்பலேறியதைச் சென்ற வாரம் பார்த்தோம். கரை மறைந்ததும் குழுத் தலைவர் எல்லோரையும் கூடத்துக்கு அழைப்பார். யார் என்ன லென்ஸ் கொண்டுவந்திருக்கிறார்கள், நாளை எந்த ஃபியோர்டுக்குப் போகிறோம் என்பதெல்லாம் பிறகுதான். முதலில் ஒரு கணக்கு. பனிக்கரடியிடமிருந்து 300 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை என்றால் 500 மீட்டர். அதற்குள் போனால் சட்டமீறல்.

2025 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த விதி இது. அதற்கு முன்பும் கரடிக்குப் பாதுகாப்பு இருந்தது. 1973 முதலே அங்கே வேட்டைக்குத் தடை. கரடியைத் துரத்துவதும், எதையாவது காட்டி அருகில் வரவழைப்பதும், தொந்தரவு செய்வதும் குற்றம். ஆனால் தொந்தரவு எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதைக் கப்பலில் இருப்பவர்களே முடிவு செய்துகொண்டார்கள். "அதுபாட்டுக்குப் படுத்துக் கிடக்கிறதே, இன்னும் கொஞ்சம் போகலாமே" என்று பணம் கட்டி வந்த ஒருவர் கேட்டால், மறுப்பதற்குத் தலைவரிடம் அனுபவம் இருந்தது, எண் இருக்கவில்லை. இப்போது எண் இருக்கிறது. கரடியே ஆர்வத்தில் படகை நோக்கி நடந்து வந்தாலும், பின்வாங்க வேண்டியவர்கள் மனிதர்கள்தான்.

வசந்தத்தில் மட்டும் ஏன் கூடுதல் தூரம்? மார்ச், ஏப்ரலில்தான் தாய்க்கரடி குட்டிகளோடு பனிக்குகையை விட்டு வெளியே வருகிறது. மாதக்கணக்கில் எதுவும் தின்னாமல் பால் கொடுத்த உடம்பு. அதே பருவத்தில்தான் வளையச் சீல்கள் கடல்பனியின் மேல் குட்டி போடுகின்றன. கரடி தன் வருடத்துக்கான கொழுப்பில் பெரும்பங்கை இந்தச் சில மாதங்களில் தின்று சேர்க்கிறது. சீலின் மூச்சுத் துளை அருகே மணிக்கணக்கில் அசையாமல் காத்திருக்கும் கரடியை ஓர் எஞ்சின் சத்தம் கிளப்பிவிட்டால், அன்றைய வேட்டை போச்சு. ஸ்வால்பார்டிலேயே நிலையாகத் தங்கும் கரடிகள் சுமார் 300. கோடையில் வரும் கப்பல்களோ பல. ஒவ்வொரு கப்பலும் ஒருமுறை மட்டும் தொந்தரவு செய்தாலும் கரடிக்கு அது பலமுறை.

இனி படக்கலைக்கு வருவோம். 300 மீட்டரில் கரடி எவ்வளவு பெரிதாகத் தெரியும்? கணக்கு எளிது. இரண்டரை மீட்டர் நீளக் கரடி, 600 மி.மீ. லென்ஸ். சென்சாரில் விழும் பிம்பம் 5 மி.மீ., ஓர் உளுந்து அளவு. முழுச்சட்ட சென்சாரின் அகலம் 36 மி.மீ. என்பதால், படத்தின் அகலத்தில் ஏழில் ஒரு பங்குதான் கரடி. 500 மீட்டர் என்றால் பன்னிரண்டில் ஒரு பங்கு. 1.4 மடங்கு கன்வெர்ட்டர் மாட்டினால் 300 மீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு வரை இழுக்கலாம். அதற்கு மேல் லென்ஸுக்குச் செலவழிப்பதிலும் பெரிய லாபமில்லை. கடல்நீரும் பனிக்கட்டியும் மேலே உள்ள காற்றும் வெவ்வேறு வெப்பநிலையில் இருக்கும்போது இடைப்பட்ட காற்று நெளிகிறது. கோடை ரோட்டில் கானல் தெரிவதும் இதே காரணத்தால்தான். அந்த நெளிவில் கரடியின் ரோமம் கூழாகிவிடும். அதைச் சரிசெய்ய எந்த லென்ஸாலும் முடியாது. கதகதப்பான அறையின் ஜன்னலைத் திறந்து எடுப்பவருக்கு நெளிவு இன்னும் அதிகம். அதனால்தான் தலைவர் எல்லோரையும் குளிரில், திறந்த தளத்துக்கு விரட்டுகிறார்.

கரடி படச்சட்டத்தில் ஏழில் ஒரு பங்குதான் என்றால், மீதி ஆறு பங்கில் என்ன இருக்கிறது? புதிய விதி ஒவ்வொரு குழுத் தலைவர் முன்னும் வைத்திருக்கும் கேள்வி இது. முகம் நிறைந்த படத்தையே கனவு கண்டு வந்தவர், கரடியைச் சுற்றி உடைந்து கிடக்கும் பனிப்பாளங்களையும், பாளங்களுக்கு நடுவே ஓடும் கறுத்த நீரையும், பின்னால் கடலில் இறங்கும் பனியாற்றின் நீலச் சுவரையும் பார்க்கப் பழக வேண்டும். கரடி எந்தத் திசையில் நடக்கிறதோ அந்தப் பக்கம் இடம் விட வேண்டும். அது ஒரு பாளத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் இடத்தை முன்கூட்டியே கணித்து அங்கே சட்டத்தை அமைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். விலங்குப் படம், நிலக்காட்சிப் படம் என்று இரண்டு வகுப்பாக இருந்தவை இங்கே ஒன்றாகிவிட்டன. கடல்பனி சுருங்கிவரும் காலத்தில், கரடியோடு அதன் காலடிப் பனியும் சேர்ந்து பதிவாகும் படத்துக்குத்தான் பிற்காலத்தில் மதிப்பு அதிகம் என்பது என் எண்ணம். முகம் மட்டும் உள்ள படத்தை விலங்குக்காட்சிச் சாலையிலும் எடுத்துவிடலாம்.

இந்த வகைப் படத்துக்கு வெளிச்சம்தான் முதல். ஜூலை நடுவில், 80 டிகிரி வடக்கில், நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 31 டிகிரிதான் ஏறும். நள்ளிரவில் சுமார் 11 டிகிரிக்கு இறங்கி, மறையாமல் மறுபடி ஏறும். பனியின் மேடுபள்ளங்களில் நீண்ட நிழல் விழுவது அந்த நள்ளிரவு நேரத்தில். எனவே விவரம் தெரிந்த தலைவர் கப்பலின் நாளையே புரட்டிப் போடுகிறார். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு படகு இறங்கும், காலை முழுக்கத் தூக்கம். இதற்குக் கேப்டனையும் சமையலறையையும் உடன்பட வைப்பது, படம் எடுக்கக் கற்றுக்கொடுப்பதைவிடக் கடினமான வேலை.

பாடம் என்று பார்த்தால் முதல் நாள் பாடம் ஒன்றுதான். கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கவே முயலும். சட்டம் முழுக்கப் பனி என்றால் படம் அழுக்குச் சாம்பலாக வரும். ஒரு ஸ்டாப் முதல் ஒன்றரை ஸ்டாப் வரை எக்ஸ்போஷரைக் கூட்ட வேண்டும். ஆனால் கூட்டும்போது பனியின் வெளிச்சமான பகுதிகள் வெளுத்து விவரம் இழக்காமல் இருக்கிறதா என்று ஹிஸ்டோகிராமைப் பார்க்க வேண்டும். பனிக்கரடி வெள்ளை இல்லை என்பது அப்போதுதான் பலருக்கு உறைக்கும். நீலம் பாய்ந்த பனிக்கு முன்னால் அது பாலாடை மஞ்சள். வொயிட் பேலன்ஸைத் தானியங்கியில் விட்டால் அந்த வித்தியாசம் மங்கிவிடும். பேட்டரியை உள்சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் வைக்க வேண்டும். கப்பலுக்குள் நுழையும் முன் கேமராவைப் பைக்குள் மூடிவிட வேண்டும், இல்லையென்றால் உள்ளிருக்கும் ஈரக் காற்று குளிர்ந்த கண்ணாடியில் வியர்த்துப் படிந்துவிடும்.

கரையிறங்குவது என்றால் இன்னும் கவனம். முதலில் வழிகாட்டிகள் மட்டும் ரப்பர் படகில் போய், தொலைநோக்கியால் மேட்டுக்கு மேடு தேடுவார்கள். கரடி இல்லை என்று தெரிந்த பிறகே மற்றவர்கள் இறங்கலாம். வழிகாட்டிகளிடம் கரடியை விரட்டும் ஒளிக்குண்டுத் துப்பாக்கியும், கடைசி வழியாக ரைஃபிளும் இருக்கும். ரைஃபிளைப் பயன்படுத்த நேர்ந்தால் அது அந்தத் தலைவரின் தோல்வியாகவே பார்க்கப்படும். பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் இறங்குவதற்கும் இப்போது 43 இடங்கள்தான். அங்கே போகும் கப்பலில் 200 பயணிகளுக்கு மேல் இருக்கக் கூடாது.

எண்கள் இல்லாத காலத்தில் எப்படி இருந்தது? 1911 ஜனவரி, அண்டார்க்டிகா. தென் துருவத்தை எட்ட முயன்ற பிரிட்டிஷ் பயணி ஸ்காட்டின் டெரா நோவா பயணத்தில் புகைப்படக்காரராகப் போனவர் ஹெர்பர்ட் பான்டிங். பனிப்பாளத்தின் ஓரத்தில் ஓர்காத் திமிங்கிலங்கள் தலை தூக்குவதைக் கண்டு கேமராவோடு ஓடினார். திமிங்கிலங்கள் அடியிலிருந்து முட்டிப் பாளத்தையே உடைத்தன. துண்டுக்குத் துண்டு தாவித் தப்பினார். ஸ்காட் அதைத் தன் குறிப்பேட்டில் எழுதிவைத்திருக்கிறார். அன்று எவ்வளவு நெருங்கலாம் என்பது புகைப்படக்காரரின் துணிச்சலைப் பொறுத்தது.

ஆனால் பான்டிங் இன்னொன்றும் செய்தார். அந்தக் குளிர்காலத்தில் ஸ்காட்டுக்கும் குழுவிலிருந்த பவர்ஸுக்கும் மற்ற சிலருக்கும் படமெடுக்கக் கற்றுக்கொடுத்தார். துருவத்துக்கு அவர் போகவில்லை, மாணவர்கள் போனார்கள். 1912 ஜனவரியில் தென் துருவத்தில் களைத்து நிற்கும் ஐந்து பேரின் புகழ்பெற்ற படம், பவர்ஸ் நூலை இழுத்து எடுத்தது. ஐவரில் ஒருவரும் திரும்பவில்லை. அந்த ஆண்டு நவம்பரில் தேடல் குழு கண்டுபிடித்த கூடாரத்தில் ஃபிலிம் பத்திரமாக இருந்தது. துருவத்தில் படக்கலை கற்பிக்கும் தொழிலுக்கு முன்னோடி தேடினால், பான்டிங்கைத்தான் சொல்வேன்.

இன்று அதே அண்டார்க்டிகாவில் நிலைமை ஸ்வால்பார்டுக்கு நேர்மாறு. பென்குயினிடமிருந்து 5 மீட்டர் தள்ளி நின்றால் போதும். ஓர் இடத்தில் ஒரே நேரத்தில் 100 பயணிகளுக்கு மேல் இறங்கக் கூடாது, 20 பேருக்கு ஒரு வழிகாட்டியாவது வேண்டும். 500 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல் ஆட்களைக் கரையிறக்கவே முடியாது. பென்குயின்கள் கடலுக்குப் போய்வரும் பனித்தடத்தில் நாம் குறுக்கே நிற்கக் கூடாது. அவை வந்தால் நாம் வழிவிட வேண்டும்.

5 மீட்டர் தாராளமான தூரம்தான். ஆனால் பறவைக் காய்ச்சல் வேறு ஒரு கதவை மூடியது. 2023 அக்டோபரில் தெற்கு ஜார்ஜியா தீவிலும், 2024 பிப்ரவரியில் அண்டார்க்டிகப் பெருநிலத்திலும் ஸ்கூவா பறவைகளில் அந்த வைரஸ் உறுதியானது. தொற்றைப் பரப்பாமலிருக்க, கரையில் உட்காரவோ, மண்டியிடவோ, படுக்கவோ கூடாது. பையைத் தரையில் வைக்கவும் கூடாது. பென்குயினின் கண்மட்டத்துக்குப் படுத்து எடுப்பதுதான் இத்தனை காலமும் புகைப்படக்காரர்களின் முதல் பாடமாக இருந்தது. அதற்கு மாற்றுவழி தேடுவதும் தலைவரின் வேலையாயிற்று. மடக்குத்திரையை விரித்துக் கேமராவைக் கையாலேயே தாழ்த்திப் பிடிக்கலாம். சரிவில் பென்குயினுக்குக் கீழ்ப்பக்கம் நின்றால் அதன் கண்மட்டம் தானாகக் கிடைக்கும். அல்லது கரையிறங்காமல் ரப்பர் படகிலேயே இருக்கலாம், அங்கே நீர்மட்டமே கண்மட்டம்.

மாலையில் எல்லோருடைய படங்களையும் திரையில் போட்டுப் பார்க்கும்போது, நல்ல தலைவர் கூர்மையையும் நிறத்தையும் பேசிவிட்டு இன்னொன்றையும் கேட்பார்: கரடி எதைப் பார்க்கிறது? நேராக லென்ஸைப் பார்த்துத் தலையைத் தூக்கியிருந்தால் பலருக்கு அது அபூர்வமான படம். அவருக்கோ கரடியின் வேலையை நாம் கெடுத்துவிட்டோம் என்பதற்கான சாட்சி. சீல் துளையையோ, குட்டியையோ, காற்றையோ கவனித்துக்கொண்டு, நம்மைப் பொருட்படுத்தாமல் இருக்கும் கரடியின் படத்தை அவர் முதலில் வைப்பார்.

விளம்பரப் பக்கங்களில் முகம் நிறைந்த கரடிகளை இன்னும் பார்க்கலாம். அந்த நெருக்கத்துக்கு இனி ஸ்வால்பார்டில் யாரும் உறுதி கொடுக்க முடியாது. இப்படியொரு பயணத்துக்குப் பல லட்சம் ரூபாய் சேர்த்துக்கொண்டிருக்கும் வாசகர் யாராவது இருந்தால், பணம் கட்டும் முன் தலைவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். கரடி நம்மை நோக்கி வந்தால் என்ன செய்வீர்கள்? எத்தனை பேருக்கு ஒரு வழிகாட்டி? எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் நேரத்தில் நீங்களும் படம் எடுப்பீர்களா? முதல் கேள்விக்கு "உங்கள் அதிர்ஷ்டம்" என்று பதில் வந்தால், வேறு கப்பலைப் பாருங்கள்.

அடுத்த வாரம்: டிரேக் நீரிணையைக் கடக்கும் அந்த இரண்டு நாட்கள்.

(தொடரும்)