செம்பனை காற்றில் விடும் இரண்டு இரசாயனங்கள்

மலேசியாவில் நெடுஞ்சாலைப் பயணம் என்றாலே செம்பனைத் தோட்டங்கள் கண்ணில் படாமல் போகாது. வரிசை வரிசையாக நிற்கும் அந்த மரங்கள் சும்மா நிற்பதுபோல்தான் தெரியும். ஆனால், அவை ஒவ்வொரு நாளும் காற்றில் இரசாயனங்களைக் கலந்துகொண்டே இருக்கின்றன. அவற்றுள் ஒன்று நமக்குப் பெரும் நன்மை செய்தது. மற்றொன்றை நாம் கவனமாகக் கையாள வேண்டியிருக்கிறது.

வண்டை அழைக்கும் வாசனை

செம்பனையின் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா. மலேசியாவில் 1917-இல் சிலாங்கூரில் அது வணிகப் பயிராக நடப்பட்டது. ஒரே மரத்தில் ஆண் பூங்கொத்தும் பெண் பூங்கொத்தும் வெவ்வேறு காலத்தில் பூக்கும். எனவே, ஒரு மரத்தின் மகரந்தம் இன்னொரு மரத்திற்குப் போய்ச் சேர வேண்டும். காற்றே இந்த வேலையைச் செய்கிறது என்று நீண்ட காலம் நம்பினார்கள். ஆனால், இங்கே காய்கள் சரியாகப் பிடிக்கவில்லை. அதனால், தோட்டத் தொழிலாளர்கள் மரம் மரமாகச் சென்று, மகரந்தத்தை முகப்பூச்சு மாவு போன்ற தூளுடன் கலந்து பெண் பூக்களின்மேல் ஊதிவிட்டார்கள்.

ஆப்பிரிக்காவில் இந்த வேலையைச் செய்தது காற்றல்ல, சில மில்லிமீட்டர் நீளமே உள்ள ஒரு மூக்குவண்டு. ஆண் பூக்கள் மலரும்போது எஸ்ட்ரகோல் என்ற இரசாயனத்தை வெளியிடுகின்றன. அது சோம்பின் வாசனை கொண்டது. அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு வண்டுகள் கூட்டமாக வருகின்றன. ஆண் பூவில் அவற்றுக்கு உணவு உண்டு, முட்டையிட இடமும் உண்டு. பெண் பூவில் இவை எதுவும் இல்லை. ஆனாலும், அதுவும் அதே வாசனையை விடுகிறது! ஏமாந்து வரும் வண்டு, உடலில் ஒட்டியிருக்கும் மகரந்தத்தைப் பெண் பூவில் உதிர்த்துவிட்டுப் போகிறது.

பிற பயிர்களை இந்த வண்டு தாக்காது என்று சோதித்து உறுதிசெய்த பிறகு, கேமரூனிலிருந்து கொண்டுவந்து 1981-இல் ஜொகூரில் விட்டார்கள். அது வேகமாகப் பரவியது. கையால் மகரந்தம் ஊதும் வேலையும் முடிவுக்கு வந்தது.

வாசனையால் அறிய முடியாத ஐசோப்ரீன்

இரண்டாவது இரசாயனம் இலைகளிலிருந்து வருகிறது. ஐசோப்ரீன் என்பது அதன் பெயர். ஐந்து கார்பன் அணுக்களும் எட்டு ஹைட்ரஜன் அணுக்களும் சேர்ந்த மூலக்கூறு அது. ரப்பர் பாலில் உள்ள ரப்பரும் இதே ஐசோப்ரீன் அலகுகள் நீண்ட சங்கிலியாக இணைந்ததுதான்.

இலைக்கு இது எதற்கு? கடும் வெப்பத்திலிருந்து தன்னைக் காத்துக்கொள்ள ஐசோப்ரீன் உதவுகிறது. அதனால்தான் வெயில் ஏற ஏற அதன் அளவும் ஏறுகிறது, இருட்டியதும் நின்றுவிடுகிறது. மழைக்காட்டு மரங்கள் பலவும் இதை வெளியிடுகின்றன. ஆனால், செம்பனை அதைவிட அதிகமாக வெளியிடுகிறது. 2008-இல் சபா மாநிலத்தின் டானும் பள்ளத்தாக்குக் காட்டிலும் ஒரு செம்பனைத் தோட்டத்திலும் விஞ்ஞானிகள் காற்றை அளந்து ஒப்பிட்டபோது இது தெளிவாயிற்று.

ஓசோன் எப்படி உருவாகிறது?

ஐசோப்ரீன் தனியாக இருந்தால் பெரிய சிக்கல் இல்லை. சூரிய ஒளியில் அது நைட்ரஜன் ஆக்சைடுகளோடு சேரும்போதுதான் தரைமட்டத்தில் ஓசோன் உருவாகிறது. வானில் மிக உயரத்தில் இருக்கும் ஓசோன் நம்மைப் புற ஊதாக் கதிரிலிருந்து காக்கிறது. நாம் மூச்சுவிடும் உயரத்தில் இருக்கும் ஓசோனோ நுரையீரலைப் பாதிக்கிறது; இலைகளையும் கெடுத்து விளைச்சலைக் குறைக்கிறது.

நைட்ரஜன் ஆக்சைடுகள் எங்கிருந்து வருகின்றன? வாகனப் புகையிலிருந்தும் தொழிற்சாலைகளிலிருந்தும் வருகின்றன. தோட்டத்தில் போடும் நைட்ரஜன் உரத்திலிருந்தும் வருகின்றன. மரம் உறிஞ்சியது போக மண்ணில் மிஞ்சும் உரத்தை நுண்ணுயிர்கள் மாற்றும்போது அதில் ஒரு பகுதி வாயுவாகிக் காற்றில் கலக்கிறது.

சபாவில் அளந்தபோது காட்டின் மேலும் தோட்டத்தின் மேலும் ஓசோன் அளவில் பெரிய வேறுபாடு இல்லை. காரணம், அங்கே நைட்ரஜன் ஆக்சைடுகள் இன்னும் குறைவு. அவை ஐரோப்பா, வட அமெரிக்கா ஆகியவற்றின் கிராமப்புறங்களில் உள்ள அளவுக்கு உயர்ந்தால், ஓசோன் நூறு கோடியில் 100 பங்கு என்ற அளவை எட்டும் என்று அந்த விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். அது மனிதருக்குத் தீங்கு தரும் அளவு.

நம் கையில் இருப்பது

செம்பனை ஐசோப்ரீன் விடுவதை நம்மால் தடுக்க முடியாது. அது மரத்தின் இயல்பு. நைட்ரஜனின் அளவு மட்டும் நம் கையில் இருக்கிறது. இலையைச் சோதித்து, மரத்திற்குத் தேவையான அளவு மட்டும் உரம் போடலாம். பெருமழைக்கு முன்பு போடுவதைத் தவிர்க்கலாம். இதனால் தோட்டக்காரருக்குப் பணம் மிச்சம். தோட்டத்தைச் சுற்றி வாழ்பவர்களுக்கு நல்ல காற்று மிச்சம்.