கால் மரத்துப்போனால் டிஸ்க் பிரச்னைதானா? எம்.எஸ் நோயை எப்படிப் பிரித்து அறிவது?

நாள் முழுக்க லேப்டாப் முன்னால் உட்காரும் வேலை. ஒருநாள் கால் மரத்துப்போகிறது. 'டிஸ்க்காத்தான் இருக்கும்' என்று நீங்களே முடிவு செய்துவிடுவீர்கள். டிஸ்க் பிரச்னை பரவலானது என்பது உண்மைதான். ஆனால், அரிதாக மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் (எம்.எஸ்) நோயும் இப்படித் தொடங்கலாம்.

எம்.எஸ் என்றால் என்ன?

நோய் எதிர்ப்பு மண்டலமே மூளை, தண்டுவட நரம்புகளின் மேலுறையைத் தாக்கும் நோய். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்குகிறது. பெண்களுக்கு அதிகம் வருகிறது.

என்ன வித்தியாசம்?

டிஸ்க்: இடுப்பிலிருந்து காலுக்கு வலி இறங்கும். இருமினாலோ தும்மினாலோ சுள்ளென்று கூடும்.

எம்.எஸ்: மரத்துப்போவது, தள்ளாட்டம், அசதி இருக்கும். நாள்கணக்கில், வாரக்கணக்கில் நீடித்து தானாகவே குறையலாம். காய்ச்சலிலும் வெந்நீர்க் குளியலிலும் அதிகமாகலாம். ஒரு கண்ணில் பார்வை மங்கி, கண்ணை அசைத்தால் வலிக்கலாம். டிஸ்க்கால் கண் மங்காது.

ஸ்கேன் போதாதா?

முதுகுவலியே இல்லாத 20 வயதினரில்கூட சுமார் 30 சதவீதம் பேருக்கு ஸ்கேனில் டிஸ்க் புடைப்பு தெரிகிறது என்கிறது 2015-ல் வெளியான ஆய்வுத் தொகுப்பு. அதனால், ரிப்போர்ட்டில் 'டிஸ்க் பல்ஜ்' என்று இருந்தாலே காரணம் அதுதான் என்று சொல்லிவிட முடியாது. இடுப்புப் பகுதிக்கு எடுக்கும் எம்.ஆர்.ஐ-யில் மூளையும் கழுத்துத் தண்டுவடமும் தெரியாது.

என்ன செய்யணும்?

அறிகுறிகள் பொருந்தவில்லை என்றால் நரம்பியல் நிபுணரைப் பாருங்கள். எம்.எஸ்-க்கு சீக்கிரம் சிகிச்சை தொடங்கினால் பாதிப்பைக் குறைக்க முடியும். போன வருடம் கண் மங்கி, தானாகச் சரியாகியிருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, இரண்டு கால்களும் வலுவிழந்தாலோ காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.