மழை ஓய்ந்தபின் வரும் வெள்ளம்

ஜூலை மாதம், போட்ஸ்வானாவின் மவுன் நகரம். தென் அரைக்கோளத்துக்கு அது குளிர்காலம். கடைசி மழை பெய்து மூன்று மாதம் ஆகியிருக்கும். வானத்தில் பொட்டு மேகம் இல்லை, புல்லெல்லாம் சருகு. அப்படிப்பட்ட நாட்களில்தான் ஊரை ஒட்டிய தமலகானே ஆறு பெருகுகிறது. காய்ந்த மணலை நனைத்தபடி, ஆள் நடக்கும் வேகம்கூட இல்லாமல் ஊர்ந்து வரும் இந்தத் தண்ணீர் ஒகவாங்கோ ஆற்றினுடையது. நாணயத்துக்கே 'புலா', அதாவது மழை என்று பெயர் வைத்த நாடு போட்ஸ்வானா. ஆனால் இந்த வெள்ளம் அந்த நாட்டு மழையில் பிறந்ததல்ல.

பிறந்த இடம் அங்கோலாவின் மேட்டுநிலம். நவம்பர் முதல் மார்ச் வரை சூரியன் தெற்கே இறங்கும்போது, பூமத்திய ரேகையை ஒட்டிய மழைப் பட்டையும் கூடவே இறங்குகிறது. மேட்டுநிலத்தில் ஆண்டுக்கு 1,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. கலகாரிப் பாலையின் விளிம்பில் ஆறு விரிந்து பரவும் டெல்டாவில் சுமார் 500 மி.மீ.தான். குளிர்காலத்தில் துணைவெப்ப மண்டல உயர் அழுத்தம் மேலே வந்து அமர்ந்துவிடும். காற்று கீழ்நோக்கி அமுங்கும் இடத்தில் மேகம் திரள வழியில்லை. ஆற்றின் நீர் ஏறக்குறைய முழுவதும் அங்கோலா தருவதுதான். குடகில் பெய்த மழை, தஞ்சையில் மழையில்லாத ஆடியில் பெருக்காக வருவதைப் போல என்று சொல்லலாம். ஆனால் காவிரிக்குச் சில நாள் பயணம். ஒகவாங்கோவுக்குச் சில மாதம்.

ஏன் இத்தனை தாமதம்? ஆற்றுக்கு இரண்டு கைகள். மேற்கே குபாங்கோ, மழை பெய்ததும் சட்டென்று ஏறி, சட்டென்று இறங்கும். கிழக்கே குயிட்டோ அப்படியல்ல. அது ஆழமான கலகாரி மணலிலும் கரிச்சேற்றுப் பள்ளத்தாக்குகளிலும் ஓடுகிறது. மணல் மழையைக் குடித்து வைத்துக்கொண்டு ஆண்டு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிய விடுகிறது. நமீபிய எல்லையில் இரண்டும் கலந்து, போட்ஸ்வானாவின் மொஹெம்போவைக் கடக்கும்போது ஏப்ரல் வாக்கில் வெள்ளம் உச்சத்தில் இருக்கும். அங்கிருந்து மவுன் சுமார் 250 கிலோமீட்டர். அவ்வளவு தூரத்துக்கும் நிலம் இறங்குவது 60 மீட்டர்தான்! வழியெல்லாம் பாப்பிரஸ் கோரை. தண்ணீர் மவுனில் உச்சம் தொட ஜூலை, ஆகஸ்ட் ஆகிவிடுகிறது.

ஆண்டுக்குச் சராசரியாக 300 டி.எம்.சி.க்கு மேல் டெல்டாவுக்குள் நுழைகிறது. ஒரு சொட்டும் கடலைச் சேர்வதில்லை. பெரும்பகுதி வெயிலிலும் இலைகள் வழியாகவும் ஆவியாகிவிடுகிறது. போட்டெட்டி ஆற்றின் வழியே மிச்சம் வெளியேறுவது நூற்றில் இரண்டு மூன்று பங்கு.

இங்கேதான் எனக்குத் தீராத வியப்பு. தண்ணீர் ஆவியானால் உப்பு தங்க வேண்டும். ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் டெல்டாவே உப்பளமாகியிருக்க வேண்டும். ஆனால் நீர் நன்னீராகவே இருக்கிறது. காப்பாற்றுவது கரையானும் மரமும். சதுப்பில் கரையான் கட்டிய புற்று தண்ணீருக்கு மேலே சிறு தீவாகத் தலைநீட்டும். அதில் பறவை எச்சத்தின் வழி விதை விழுந்து மரம் வளரும். மரங்கள் சுற்றியுள்ள நிலத்தடி நீரை உறிஞ்சும்போது, அதில் கரைந்திருக்கும் உப்பு தீவின் அடியில் சேர்கிறது. சில கனிமங்கள் படிந்து தீவு மெல்ல உயர்ந்து விரிகிறது. முதிர்ந்த தீவுகளின் நடுவே புல்கூட முளைக்காமல் வெள்ளை பூத்துக் கிடக்கும். தீவு உப்பை வாங்கிக்கொள்வதால்தான் சுற்றிலும் ஓடும் தண்ணீர் குடிக்கத் தகுந்ததாக இருக்கிறது.

உப்பைக் கரையானும் மரமும் பார்த்துக்கொள்ள, கோரை அடைத்த கால்வாய்களை நீர்யானைகள் நடந்து நடந்தே திறந்துவிடுகின்றன.

எல்லா ஆண்டும் ஒன்றுபோல் இருப்பதில்லை. டெல்டாவின் நீர் போய்ச் சேரும் ங்காமி ஏரி, 1849-இல் ஆய்வுப் பயணி லிவிங்ஸ்டன் பார்த்தது, 1980-களில் வறண்டு கிடந்து, இந்த நூற்றாண்டில் மீண்டும் நிரம்பியது. 2019 வறட்சியில் டெல்டாவின் ஓரத்துச் சேற்றில் நீர்யானைகள் சிக்கிக் கிடந்தன. அங்கோலாவில் ஒரு பருவம் பொய்த்தால் போதும், அடுத்த குளிர்காலத்தில் இங்கே தெரிந்துவிடும்.

2002 வரை நீண்ட அங்கோலாவின் உள்நாட்டுப் போரும் அது விட்டுச்சென்ற கண்ணிவெடிகளும் ஆற்றின் மேல்பகுதியில் பெரிய அணைகளோ பாசனமோ வராமல் தடுத்துவிட்டன. ஆற்றைப் பகிரும் அங்கோலா, நமீபியா, போட்ஸ்வானா மூன்றும் 1994-இல் கூட்டு ஆணையம் அமைத்தன. 2014-இல் டெல்டா யுனெஸ்கோவின் 1,000-ஆவது உலக பாரம்பரியச் சின்னமானது. போர் முடிந்து ஊர் திரும்பிய அங்கோலா மக்களுக்கும் வயல் வேண்டும், மின்சாரம் வேண்டும். அதை மறுக்க யாருக்கும் உரிமையில்லை. ஆனால் பங்கீடு பேசும்போது ஆண்டுக் கணக்கை மட்டும் பார்ப்பது பெரிய பிழை என்று நினைக்கிறேன். பிப்ரவரி வெள்ளத்தைப் பிடித்து வைத்து மாதாமாதம் சீராகத் திறந்துவிட்டால் மொத்த டி.எம்.சி. குறையாமல் இருக்கலாம், ஏற்ற இறக்கம் போய்விடும். டெல்டாவின் ஓரத்தில் 'மொலாப்போ' விவசாயம் செய்பவர்கள் வெள்ளம் வடிந்த ஈர மண்ணில்தான் சோளமும் மக்காச்சோளமும் விதைக்கிறார்கள். தண்ணீர் ஏறி வந்து, பிறகு இறங்கிப் போனால்தான் அவர்களுக்கு நிலம்.