அடுத்த பிரதோஷம் பதினைந்து நாளில் வரும்

சிவாலயங்களில் பிரதோஷ வேளை மாலை நான்கரை மணி முதல் ஆறு மணி வரை. அந்த நேரத்தில் நந்தியெம்பெருமானுக்கு நடக்கும் அபிஷேகத்தைக் கண்டு, அவருடைய இரு கொம்புகளுக்கு இடையே இறைவனை வணங்க வேண்டும் என்பது நம் பெரியோர் வகுத்த முறை. அந்தத் தரிசனத்தைத் தவறவிடக் கூடாது என்ற அவசரத்தில், நானும் என் மனைவியும் ஒரு மாலைப் பொழுதில் உயிரையே தவறவிட இருந்தோம்.

நான் வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற மறு ஆண்டு அது. காவிரிக் கரையில் உள்ள ஒரு தலத்துக்குப் பயணிகள் ரயிலில் சென்றோம். ரயில் தாமதமாக வந்தது. நாங்கள் இரண்டாவது நடைமேடையில் இறங்கியபோது மணி ஐந்தைத் தாண்டிவிட்டது. ஊர் இருப்பதோ முதல் நடைமேடைப் பக்கம். நடைமேம்பாலம் மறுகோடியில் இருந்தது. என் மனைவிக்கு முழங்கால் வலி. படி என்றாலே அஞ்சுவாள். எங்களுடன் இறங்கியவர்களில் பலர் நடைமேடையின் சரிவில் இறங்கி, ரயிலின் கடைசிப் பெட்டிக்குப் பின்புறமாகத் தண்டவாளத்தைக் கடந்தார்கள். நாங்களும் அவர்களைப் பின்பற்றினோம்.

முதல் பாதையைக் கடந்து இரண்டாவது பாதையில் கால் வைக்க முற்பட்டபோது, எதிர்ப்புறம் நின்ற கேங்மேன் ஒருவர் இரு கைகளையும் உயர்த்தி, "ஐயா! அங்கேயே நில்லுங்க!" என்று அலறினார். நின்றோம். நாங்கள் இறங்கி வந்த ரயிலின் மறைவிலிருந்து விரைவு வண்டி ஒன்று வெளிப்பட்டு எங்கள் முன்னால் பாய்ந்து சென்றது. என் மனைவியின் கையிலிருந்த அர்ச்சனைக் கூடை சரிந்து, தேங்காய் ஜல்லிக்கற்களின் மேல் உருண்டது. அதை எடுக்கவும் எங்களுக்குக் கை வரவில்லை.

அன்று கோயிலுக்குச் சென்றோம். அபிஷேகம் முடிந்து, சுவாமி ரிஷப வாகனத்தில் பிராகாரம் வலம் வந்துகொண்டிருந்தார். ஒரு தூணருகே அமர்ந்திருந்த என் மனைவி நெடுநேரம் கழித்துச் சொன்னாள்: "தவறவிட்டிருந்தா என்ன? அடுத்த பிரதோஷம் பதினஞ்சு நாள்ல வந்திருக்கும். நீங்க வந்திருப்பீங்களா?"

முப்பத்தைந்து ஆண்டுகள் இரண்டு சாவிகள் இல்லாமல் பெட்டகத்தைத் திறக்காதவன் நான். ஒரு கையெழுத்தில் ஐயம் வந்தால் காசோலையைத் திருப்பி அனுப்பியவன். அப்படிப்பட்டவன், முன்னால் போகிறவர்கள் போகிறார்களே என்ற ஒரே காரணத்துக்காகத் தண்டவாளத்தில் இறங்கினேன். அந்த வெட்கமே இதை எழுதத் தூண்டியது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ரயில் ஒரு விநாடியில் ஏறக்குறைய 30 மீட்டர் கடக்கிறது. இரட்டைப் பாதையைக் குறுக்கே கடக்க நாம் சுமார் பத்து மீட்டர் நடக்க வேண்டும். ஜல்லிக்கற்களின் மேல், கையில் பையுடன், வயதானவர் ஒருவர் அதைக் கடக்க இருபது விநாடி ஆகலாம். அந்த இருபது விநாடியில் ரயில் 600 மீட்டர் வந்துவிடும். வளைவான பாதையிலும், மற்றொரு வண்டி மறைத்து நிற்கும் இடத்திலும் அவ்வளவு தூரம் நம் கண்ணுக்குத் தெரியாது.

ஓட்டுநர் நம்மைக் கண்டு பிரேக் போட்டாலும், அந்த வேகத்தில் வரும் வண்டி முழுவதுமாக நிற்க ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தேவைப்படும். அவரால் வண்டியை ஒதுக்கி ஓட்டவும் இயலாது.

நம் புலன்களும் முன்போல் துணை நிற்பதில்லை. பெரிய உருவம் ஒன்று நேர் எதிரே வரும்போது அதன் வேகம் கண்ணுக்குக் குறைவாகவே தோன்றும். நீராவி என்ஜின் காலத்தில் புகையும் ஓசையும் வெகு தொலைவிலேயே வண்டியின் வருகையை அறிவித்தன. இன்றைய மின்சார ரயில் அருகில் வரும் வரை அவ்வளவு ஓசை எழுப்புவதில்லை. செவித்திறன் குறைந்த நமக்கு அதுவும் கேட்காமல் போகலாம்.

அடியார் கூட்டத்துக்கு நேர்ந்தவை

2013ஆம் ஆண்டு ஆகஸ்ட் 19, பீகார் மாநிலம் தமாரா காட் ரயில் நிலையம். அருகிலுள்ள காத்யாயனி அம்மன் ஆலயத்துக்குச் செல்ல, சிராவண மாதத் திங்கட்கிழமையன்று பக்தர்கள் திரளாக ரயிலில் வந்து இறங்கித் தண்டவாளத்தில் நடந்தனர். அந்த நிலையத்தில் நிற்காத ராஜ்ய ராணி விரைவு வண்டி அந்தக் கூட்டத்தின்மேல் பாய்ந்தது. இருபத்தைந்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

2018ஆம் ஆண்டு அக்டோபர் 19, விஜயதசமி மாலை, அமிர்தசரஸ் நகரின் ஜோடா பாடக் பகுதி. இராவணன் உருவம் எரிக்கப்படுவதைத் தண்டவாளத்தின்மேல் நின்று மக்கள் பார்த்துக்கொண்டிருந்தனர். வெடியோசைக்கு நடுவே ரயில் வந்தது. ஏறக்குறைய 60 பேர் மாண்டனர்.

இவ்விரு இடங்களிலும் இருந்தவர்கள் நம்மைப் போன்ற குடும்பத்தினரே. இத்தனை பேர் நிற்கும் இடத்தில் ஆபத்து இராது என்று ஒவ்வொருவரும் மற்றவரை நம்பி நின்றிருப்பார்கள். கூட்டம் நமக்குத் துணை என்ற எண்ணம் தண்டவாளத்தில் பொய்த்துவிடுகிறது.

ரயில்வே கேட் அருகில்

அகலப் பாதைகளில் இருந்த ஆளில்லாக் கடவுகள் 2019ஆம் ஆண்டின் தொடக்கத்துக்குள் நீக்கப்பட்டுவிட்டன. காவலர் இருந்தும், மூடிய கேட்டின் கீழே குனிந்து செல்லும் பழக்கம் நம்மை விட்டு நீங்கவில்லை. ஒரு வண்டி சென்ற பின்னும் கேட் திறக்கவில்லை என்றால், மற்றொரு வண்டி வருகிறது என்று பொருள்.

நாம் செல்லும் கார் தண்டவாளத்தின் நடுவே நின்றுவிட்டால், வண்டியைக் காப்பாற்ற முயல வேண்டாம். முதலில் அனைவரும் இறங்கி விலகிச் செல்லுங்கள். பிறகு கேட் காவலரிடம் தெரிவியுங்கள்.

பாதயாத்திரை செல்வோர் குறுக்குவழி என்று தண்டவாளத்தின் ஓரமாக நடப்பதைத் தவிர்க்க வேண்டும். பாதைக்கு மேலே செல்லும் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம் பாய்கிறது. அதைத் தொட வேண்டும் என்பதில்லை. நெருங்கினாலே அது தாக்கும். உயரமான கொடி, வேல், குடை, சப்பரம் ஆகியவற்றுடன் கேட்டைக் கடக்க நேர்ந்தால், விழாக் குழுவினர் முன்கூட்டியே நிலைய அதிகாரியை அணுகி அனுமதியும் ஆலோசனையும் பெறுவது கட்டாயம்.

முழங்கால் வலிக்கு என்ன வழி?

வீம்புக்காகத் தண்டவாளத்தில் இறங்கும் முதியவர் எவரும் இல்லை. படி ஏற முடியாமைதான் காரணம். ஆகவே வீட்டிலேயே திட்டமிட வேண்டும். பெரிய நிலையங்களில் மின்தூக்கியும் சக்கர நாற்காலியும் உண்டு; எங்கே இருக்கிறது என்று 139 என்ற எண்ணில் முன்னதாகவே விசாரிக்கலாம். மின்தூக்கி இல்லாத சிறிய நிலையம் என்றால், ஒரு பெரிய நிலையத்தில் இறங்கி அங்கிருந்து பேருந்திலோ ஆட்டோவிலோ செல்லலாம். மேம்பாலத்தில் ஏறித்தான் ஆக வேண்டும் என்றால், பையை இளையவர் ஒருவரிடம் கொடுத்துவிட்டு, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, பத்துப் படிக்கு ஒருமுறை நின்று ஏறலாம். நாங்கள் இப்போது அப்படித்தான் ஏறுகிறோம். எட்டு நிமிடம் ஆகிறது.

நடைமேடையில் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நில்லுங்கள். நகரத் தொடங்கிய வண்டியில் ஏறவோ இறங்கவோ வேண்டாம். இறங்கும் ஊர் தவறிப்போனால் அடுத்த நிலையத்தில் இறங்கித் திரும்பிவிடலாம். கைப்பேசியோ பூஜைப் பையோ தண்டவாளத்தில் விழுந்தால் குனிந்து எடுக்காமல் ரயில்வே காவலரை அழையுங்கள். நடைமேடைக்கு எதிர்ப்புறக் கதவு வழியாக ஒருபோதும் இறங்காதீர்கள்.

தண்டவாளத்தில் அத்துமீறி நடப்பது 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம் 147ஆம் பிரிவின்படி குற்றமாகும். ஆறு மாதம் வரை சிறையோ ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ விதிக்கலாம். அதைவிட நாம் அஞ்ச வேண்டியது வேறொன்று உண்டு. நம் கையைப் பிடித்துக்கொண்டு வரும் பேரனும் பேத்தியும் நாம் எந்த வழியில் செல்கிறோம் என்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நாளை நாம் உடன் இல்லாதபோதும் அவர்கள் அதே வழியில்தான் செல்வார்கள்.

அன்று எங்களைத் தடுத்து நிறுத்திய அந்த கேங்மேனின் பெயரைக்கூட நாங்கள் கேட்கவில்லை. திரும்பும்போது தேடினோம், அவர் பணி முடிந்து போயிருந்தார். ஒவ்வொரு பிரதோஷத்தன்றும் நந்தியின் பின்னால் நிற்கும்போது, இரு கைகளையும் உயர்த்தி நின்ற அந்த உருவம் என் கண்முன் வருகிறது. அவர் பெயரில் அர்ச்சனை செய்ய இயலாததால், ஊர் பெயர் தெரியாத ஓர் அன்பருக்காக என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டு ஒரு விளக்கு ஏற்றிவிட்டு வருகிறேன்.