துருவ ஒளியை முன்கூட்டிச் சொல்வது ஏன் கடினம்?

சூரியனிலிருந்து வெடித்துக் கிளம்பும் மின்னூட்டத் துகள்களின் பெருமேகம் பூமியை வந்தடையப் பொதுவாக ஒன்று முதல் மூன்று நாள் பிடிக்கும் என்றாலும், துருவ ஒளி தெரியுமா என்பதை அவ்வளவு முன்னதாக உறுதிசெய்ய இயலாது. ஏனெனில் அம்மேகம் சுமந்துவரும் காந்தப்புலம் தெற்கு நோக்கி இருந்தால்தான், வடக்கு நோக்கிய பூமியின் காந்தப்புலத்தோடு அது பிணைந்து, ஆற்றல் உள்ளே நுழைய வழி திறக்கும். அத்திசையை நேரடியாக அளக்கும் விண்கலங்கள் பூமியிலிருந்து ஏறத்தாழ 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவிலேயே நிற்பதால், கிடைக்கும் எச்சரிக்கை பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்கும் குறைவே. பனியில் வானம் பார்த்து நிற்போர் சலித்துக்கொள்வதில் வியப்பில்லை. 2024 மே 10 இரவில், இத்தகைய துகள்மேகங்கள் எழுப்பிய புவிகாந்தப் புயல் மிகக் கடுமையாக இருந்தமையால், லடாக்கின் ஹான்லே வானாய்வகக் கேமராவிலும் செந்நிற ஒளி பதிவாயிற்று: 200 கிலோமீட்டருக்கு மேலுள்ள ஆக்சிஜன் அணுக்கள் உமிழும் சிவப்பு அவ்வளவு தெற்கிலிருந்தும் அடிவானத்துக்கு மேல் தெரிய, கீழடுக்கின் பச்சை பூமியின் வளைவில் மறைந்துவிடுகிறது.